வரத்துக்கால்

பங்குனிக் காலை. கண்மாய்க் கரைமேல் நடந்துவிட்டு வந்தேன். உள்வாய் முழுக்கச் சீமைக் கருவேல் மண்டிக் கிடக்கிறது. கலுங்குக் கல்லில் உட்கார்ந்தால் முன்பு தண்ணீர் தெரியும். இப்போது முள்தான் தெரிகிறது. ஆடு பத்திக்கொண்டு வந்த பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"குண்டாத்துக்குக் காவேரி வருதாம்ல தம்பி?"

வரும் என்கிறார்கள். 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். காவிரி–வைகை–குண்டாறு இணைப்பு, 262 கிலோமீட்டர் கால்வாய், 14,400 கோடி ரூபாய். மாயனூரில் கிளம்பி எங்கள் பக்கம் வர வேண்டும். வந்தால் முதல் தண்ணீரைக் கையில் ஏந்திக் கும்பிடுகிறவன் நானாக இருப்பேன். ஆனால் எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. அதை வெட்டி எத்தனை வருஷம் ஆகிறது என்று பெரியவரிடம் கேட்டேன். வெகுநேரம் யோசித்தார்.

"எங்கய்யா காலத்துல ஊரே போயி வெட்டுவாக."

அவர் தகப்பனார் காலத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்று இருவருக்குமே சொல்லத் தெரியவில்லை. இந்த நோட்டில் அதைத்தான் எழுதிப் பார்க்க நினைக்கிறேன்.

*

என்னை ஊரில் 'சுதந்திராக் கட்சி' என்று கூப்பிடுவார்கள். அப்பாவிடமிருந்து வந்த பெயர் அது. அப்பா அருப்புக்கோட்டையில் பருத்தியும் தவசமும் வாங்கி விற்ற சிறு வியாபாரி. ராஜாஜி 1952இல் சென்னை மாநில முதலமைச்சராக வந்த சில மாதங்களில் தானியக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் எடுத்தார். பஞ்சம் வரும் என்று பயந்தவர்கள் உண்டு. பதுங்கியிருந்த தானியம் வெளியே வந்தது. அப்பா அதைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். 1959இல் ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கி 'பெர்மிட்–லைசென்ஸ்–கோட்டா' ராஜ்யம் என்று பேசியபோது அப்பா புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. கட்சி போய்விட்டது. அரசாங்கத்தின் மேல் இருந்த அந்தச் சந்தேகம் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது.

*

கண்மாய் விஷயம்.

இது ராமநாதபுரம் சமஸ்தானத்துப் பூமி. மழை வருஷத்துக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர், அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். கொட்டுகிற நாலு நாளில் பிடித்து வைக்காவிட்டால் வருஷம் முழுக்க வறட்சி. அதனால் கண்மாய்க்குக் கீழே கண்மாய், மேல் கண்மாயின் கலுங்குத் தண்ணீர் கீழ்க் கண்மாய்க்கு வரத்து என்று சங்கிலியாகக் கோத்து வைத்தார்கள். மடை திறக்க, தண்ணீர் பாய்ச்ச நீர்பாய்ச்சி இருந்தார். களத்தில் நெல் அளக்கும்போதே அவர் பங்கு தனியாகப் போகும். கோடையில் வரத்துக்கால் வெட்டுவது, கரைக்கு மண் போடுவது எல்லாம் ஊர் வேலை. குடிமராமத்து என்று பெயர்.

அது சொர்க்கமாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். வேலைக்கு வராதவனைத் தண்டிக்க வெள்ளைக்காரன் 1858இலேயே ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. மண் சுமந்தவன் யார், கரையில் நின்று ஏவியவன் யார் என்று கேட்டால் சாதி முன்னால் வந்து நிற்கும். குடிமராமத்து என்பதே பாதி வெள்ளைக்கார அதிகாரிகள் கட்டிய கதை என்று ராமநாதபுரம், சிவகங்கைக் கண்மாய்களை ஆராய்ந்த டேவிட் மோஸ் எழுதியிருக்கிறார். அதில் நியாயம் இருக்கலாம். ஆனாலும் ஒன்று நிச்சயம்: கண்மாய் எங்களுடையது என்ற எண்ணம் இருந்தது. சண்டை போட்டதுகூட அதனால்தான்.

1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஜமீன் போனதில் எனக்கு வருத்தம் கிடையாது. அதோடு கண்மாய் அரசாங்கத்தின் கணக்கில் ஏறியது. 40 ஹெக்டேருக்குக் கீழே பாசனம் என்றால் ஊராட்சி ஒன்றியம், மேலே என்றால் பொதுப்பணித்துறை என்று பிரித்தார்கள். மரம் ஒரு துறை, மீன் ஏலம் ஒரு துறை, நிலம் வருவாய்த்துறை. கண்மாய் ஒன்று, அதற்குச் சொந்தம் கொண்டாடும் கோப்புகள் நாலைந்து. நீர்பாய்ச்சியின் மகன் திருப்பூருக்குப் போய்விட்டான்.

2017இல் 'குடிமராமத்து' என்ற பெயரிலேயே அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. முதல் கட்டத்துக்கு 100 கோடி, பத்தில் ஒரு பங்கை விவசாயிகள் பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்றார்கள். அந்தப் பத்தில் ஒரு பங்கு என்ற நிபந்தனையை நான் மனதாரப் பாராட்டினேன். நான் போய்ப் பார்த்த ஒரு கண்மாயில் ஊர்ப் பங்கு என்று காகிதத்தில் எழுதியிருந்தது. வேலையை ஜேசிபி செய்துகொண்டிருந்தது. ஊர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. எழுபது வருஷம் மடக்கி வைத்த கை ஒரு அரசாணையில் நீண்டுவிடாது.

*

சீமைக் கருவேலை வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1870களில், இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். விறகுக்கு ஆகும், வறட்சியைத் தாங்கும் என்று பிற்பாடு அரசாங்கமே விதை தூவியது. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வேரோடு பிடுங்கச் சொன்னது. கொஞ்ச நாளில் அதற்குத் தடை வந்தது. இதற்கிடையில் திருச்சுழி பக்கம் ஆயிரக்கணக்கான குடும்பம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறது. மழை பொய்த்த வருஷத்தில் அடுப்பு எரிந்தது இந்த மரத்தால்தான். விதைத்தபோதும் எங்களைக் கேட்கவில்லை, பிடுங்கச் சொன்னபோதும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வரத்துக்காலையும் உள்வாயையும் விட்டுவிட்டு மேட்டுத் தரிசில் இருக்கட்டும் என்று எந்தக் கரிக்காரரும் சொல்லியிருப்பார்.

*

இலவச மின்சாரம். 1984இல் சிறு விவசாயிகளுக்கு, 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும். விவசாயிக்குச் செய்த பெரிய உபகாரம் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். கிணறும் மோட்டாரும் உள்ளவருக்குச் செய்த உபகாரம் அது. எங்கள் கரிசலில் பாதிக்கு மேல் மானாவாரி. மழையை நம்பிப் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிறவனுக்கு எந்த மின்சாரம், எந்த இணைப்பு? மிகவும் ஏழையான விவசாயி யாரோ அவனைத் தாண்டிப் போகிற உதவியை நாற்பது வருஷமாக 'விவசாயிகளுக்கு' என்ற ஒரே சொல்லில் எழுதி வருகிறார்கள். போகிற இடத்தில் நிலத்தடித் தண்ணீரும் கீழே போய்க்கொண்டே இருக்கிறது.

*

உளுந்து. போன தடவை களத்தில் மூட்டை கட்டும்போதே விலை இறங்கிவிட்டது. 2021 மே மாதத்தில் உளுந்து, துவரை இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாட்டை மத்திய அரசு எடுத்தது. பிறகு வருஷா வருஷம் நீட்டிப்பு. பர்மா உளுந்து தூத்துக்குடியில் இறங்கி விருதுநகர் மில்லுக்கு வருகிறது. நான் சந்தை திறந்திருக்க வேண்டும் என்று சொல்கிறவன். இதை எதிர்த்தால் என் வாய்க்கு நானே துரோகம் செய்தவன் ஆவேன். ஆகவே எதிர்க்கவில்லை. ஆனால் அதே 2021 ஜூலையில், 1955 ஆம் வருஷத்து அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தைக் காட்டி, பருப்பு வியாபாரி இவ்வளவுக்கு மேல் இருப்பு வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். வெளிநாட்டு உளுந்துக்குக் கதவு திறப்பு, உள்ளூர் கிட்டங்கிக்குப் பூட்டு. வாங்கி வைக்கிறவன் இல்லாவிட்டால் தை மாதம் என் உளுந்தை யார் வாங்குவார்? விலை ஏறும்போது மட்டும் சந்தையில் கை வைப்பதை அரசு ஒரு பழக்கமாகவே வைத்திருக்கிறது. இறங்கும்போது நாங்கள் தனியாக நிற்கிறோம்.

*

பயிர்க் காப்பீடு பற்றி ஒரு வரி. ஒன்றரைச் சதவீதப் பிரீமியம் கட்டினேன், உளுந்து காய்ந்தது, பக்கத்துக் கிராமத்துக்கு வந்தது எங்களுக்கு வரவில்லை. கணக்கு கேட்டேன், கணக்கு இன்னும் வரவில்லை.

*

அருப்புக்கோட்டையில் பள்ளிக்கூடத் தெரு வழியாகப் போனேன். சைவ பானு சத்திரிய கல்லூரிப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். இந்த ஊரில் தேவாங்கர் பெயரிலும் ஒரு கலைக் கல்லூரி இருக்கிறது. நெசவாளிகளும் கடைக்காரர்களும் கட்டியவை இவை.

மகமை என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரி தன் மேல் தானே போட்டுக்கொண்ட வரி. அப்பா கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் அதற்கென்று தனி டப்பா இருந்தது. லாபம் இல்லாத நாளிலும் அதில் காசு விழும். விருதுநகரில் 1889இல் சத்திரிய வித்தியாசாலை வந்ததும் இப்படித்தான். அந்தப் பள்ளிக்குப் பிடியரிசித் திட்டம் என்று ஒன்று இருந்தது. சோறாக்க உலை வைக்கும்போது வீட்டுக்காரி ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பாள். அந்த அரிசியில் பள்ளிக்கூடம் நடந்தது. விருதுநகர்ப் பிள்ளையான காமராஜர் படித்த பள்ளி அது.

அவர் முதலமைச்சராக இருந்து 1956இல் மதிய உணவைக் கொண்டுவந்தபோது ஊர்க்காரர்கள் பங்கையும் சேர்த்தேதான் கேட்டார். 1958 முதல் கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் ஊராக மக்கள் நாற்காலியும் கரும்பலகையும் நிலமும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அரசாங்கம் ஒரு கை, ஊர் ஒரு கை. எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டில் நடந்த நல்ல காரியங்களில் அதற்கு இணை கிடையாது.

இதை எழுதும்போதே இன்னொன்றையும் எழுத வேண்டும். மகமை அவரவர் சாதிக்கு. கடை இல்லாத, தறி இல்லாத, நிலம் இல்லாத சாதிக்கு மகமை எங்கிருந்து வரும்? எங்கள் ஊர்க் காலனியில் பிடியரிசி எடுத்து வைக்க முதலில் அரிசி வேண்டுமே. அங்கே பள்ளிக்கூடமும் விடுதியும் அரசாங்கம் கொண்டுவந்துதான் ஆக வேண்டியிருந்தது, கொண்டுவந்தது. அரசாங்கமே வேண்டாம் என்று பேசுகிறவர்களோடு நான் சேர முடியாமல் நிற்பது இந்த இடத்தில்தான். 1977இல் எம்.ஜி.ஆர். முதல் தடவை முதலமைச்சரானது எங்கள் அருப்புக்கோட்டைத் தொகுதியில் ஜெயித்து. 1982இல் அவர் சத்துணவைப் பெரிதாக்கியபோது அப்பா செலவுக் கணக்கு பேசினார். அம்மா ஒரே வார்த்தையில் நிறுத்தினாள்: "பச்சப்புள்ள சோத்துல கணக்குப் பாக்காதீக." அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தக் கணக்கை யாரும் எடுத்ததில்லை. நானும் எடுக்க மாட்டேன்.

*

விற்பனை வரி எப்படி வந்தது என்பதை இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ராஜாஜி 1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். கள், சாராய வருமானம் போனது. அந்த ஓட்டையை அடைக்க 1939இல் பொது விற்பனை வரி போட்டார், நாட்டிலேயே முதலில். குடியிலிருந்து வரும் காசு வேண்டாம், கடையிலிருந்து வரட்டும் என்பது ஏற்பாடு. கடைக்காரரான அப்பா முணுமுணுத்தபடியே அதை ஒப்புக்கொண்டார், காரணம் நியாயமானது என்பதால்.

1971இல் மதுவிலக்கு தளர்ந்தது. தொண்ணூறு வயது தாண்டிய ராஜாஜி முதலமைச்சரை நேரில் போய்ப் பார்த்து வேண்டாம் என்று கேட்டுக்கொண்டும் நிற்கவில்லை. 2003 முதல் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. 2024–25இல் அதன் வழியாக அரசுக்கு வந்தது 48,344 கோடி ரூபாய். விற்பனை வரி போயிற்றா? இல்லை, பெயர் மாறி இன்னும் வளர்ந்து நிற்கிறது. கள் வருமானத்துக்குப் பதிலாக வந்த வரியும் இருக்கிறது, சாராய வருமானமும் இருக்கிறது. ஒரு வரி வந்த காரணம் போனாலும் வரி போவதில்லை. எந்தக் கட்சி என்ற பேச்சே இதில் இல்லை.

எங்கள் தெருவில் நாற்பது வயதுக்குள் குடியால் மூன்று பேர் போய்விட்டார்கள். மூன்று பேரும் தறிக்காரர்கள். அவர்கள் மனைவிமாருக்கு விதவை ஓய்வூதியத்துக்கு மனு எழுதிக் கொடுத்தவன் நான். டாஸ்மாக் கடையில் வாங்கிய காசும் ஓய்வூதியமாகத் திரும்பி வந்த காசும் ஒரே கஜானாவைச் சேர்ந்தவை. அந்த மனுக்களை எழுதிய அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

*

சித்தி நூறு நாள் வேலைக்குப் போகிறாள். எங்கள் மாவட்டத்துக்கு அது வந்தது 2008இல். 2025–26க்குக் கூலி 336 ரூபாய். பருத்தி எடுக்க ஆள் கிடைக்காமல்தான் பாதிப் பேர் மக்காச்சோளத்துக்குப் போனோம் என்று சித்தியிடம் சொன்னேன்.

"ஒங்க காட்டுல மழை பேஞ்சாத்தானப்பா வேலை. பேயாத வருசம் நான் எங்க போவேன்?"

பதில் சொல்ல முடியவில்லை. வறண்ட பூமியில் அது கூலி மட்டுமில்லை, மழைக்கு எதிரான காப்பீடு. நான் கட்டிய காப்பீட்டைவிட ஒழுங்காகப் பணம் தந்தது.

என் குறை கூலியில் இல்லை, வேலையில். முப்பது பேர் கரையோரம் புல் செதுக்கிவிட்டு வருகிறார்கள். அதே முப்பது பேரை வரத்துக்காலில் இறக்கினால் ஒரு கோடையில் முடியும். எங்கே வெட்ட வேண்டும் என்று சித்திக்குத் தெரியும், சிறுவயதில் மண் சுமந்தவள். அவளிடம் கேட்க அளவெடுக்க வருகிறவருக்கு அதிகாரம் கிடையாது, மேலிருந்து வந்த பட்டியல்தான் இருக்கிறது. 2025 டிசம்பரில் பழைய சட்டத்துக்குப் பதில் புதிது வந்துவிட்டது: 125 நாள், விதைப்பு அறுப்புக் காலத்தில் 60 நாள்வரை நிறுத்தம், செலவில் பத்தில் நாலு பங்கு மாநிலத்துக்கு. நிறுத்தம் வேண்டும் என்பது எங்களைப் போன்றவர்களின் நெடுநாள் கோரிக்கை. அந்த 60 நாளை டெல்லியோ சென்னையோ முடிவு செய்யாமல் ஊர் முடிவு செய்யட்டும். புரட்டாசியில் விதைக்கிற எங்களுக்கும் தஞ்சாவூருக்கும் ஒரே காலண்டர் ஆகாது.

*

ஒரு காலத்தில் இந்தக் கரிசல் முழுக்கக் கம்பு, வரகு, குதிரைவாலி. 2011இல் ரேஷன் அரிசி முழு இலவசம் ஆனது. பசி போனது, அது உண்மை, பெரிய விஷயம். கம்பங்களமும் போனது. 2023 முதல் சிறுதானிய இயக்கம் என்று மானியம் தருகிறார்கள். விதைக் கம்பு கேட்டு மூன்று ஊர் அலைந்தேன்.

*

மகளோடு வாக்குவாதம். 2023 செப்டம்பரில் மாதம் ஆயிரம் ரூபாய் என்று தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையைப் பற்றி நான் கடன் கணக்கை எடுத்தேன். 2021 ஆகஸ்ட் வெள்ளை அறிக்கையில் ஒரு குடும்பத்தின் தலையில் 2,63,976 ரூபாய்க் கடன் என்று அரசே சொன்னது. 2025–26 பட்ஜெட்டைப் படித்தவர் எங்கள் பக்கத்துத் திருச்சுழித் தொகுதியில் ஜெயித்த தங்கம் தென்னரசு. அதன்படி 2026 மார்ச்சில் மாநிலக் கடன் ஏறக்குறைய 9.3 லட்சம் கோடி. பேரன் பெயரில் வாங்கிச் செலவழிக்கிறோம் என்றேன்.

"அம்மா உங்ககிட்டக் கேக்காம செருப்பு வாங்குனது இந்த ஆயிரத்துலதான்ப்பா. முப்பது வருசத்துல மொதத் தடவை" என்றாள்.

அது எனக்குத் தெரியாது. அன்றைக்கு வேறொன்றும் பேசவில்லை. கடன் கணக்கு தவறு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. என் வீட்டுக் கணக்கில் ஒரு தவறு இருந்தது, அதைத் திருத்திக்கொள்கிறேன்.

*

அரசாணைகளில் எங்களுக்கு இப்போது 'பயனாளி' என்று பெயர். பழைய ஆவணங்களில் 'குடி'. குடிமராமத்தின் குடி. குடி கொடுக்கும், கேட்கும், சண்டை போடும், மண் வெட்டும். பயனாளி வரிசையில் நிற்பார். ஒரு திட்டம் நல்லதா கெட்டதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் இவ்வளவுதான்: அது முடிந்த பிறகு ஊர் தன் வேலையைத் தானே செய்யும் தெம்போடு இருக்கிறதா, இல்லையா.

*

திருச்சுழிக் கோயிலுக்குப் போய் வந்தேன். சுந்தரர் பாடிய தலம், ரமணர் பிறந்த ஊர். பிரளய வெள்ளத்தைச் சிவன் சுழித்துப் பூமிக்குள் இறக்கினார் என்பதுதான் ஊர்ப்பெயருக்குத் தலபுராணம் சொல்லும் காரணம். வெள்ளத்தை வைத்துப் பெயர் கொண்ட ஊருக்குப் பக்கத்தில் குண்டாறு மணலும் முள்ளுமாகக் கிடக்கிறது.

*

ஆனி. வரத்துக்காலில் ஊர்க்காரர்களே முள் வெட்டி மண் எடுக்க அனுமதி கேட்டு மனு போட்டிருந்தேன். சித்திரையில் போட்டது. மூன்று அலுவலகம், ஏழு நடை. எந்த அலுவலகம் என்று எழுத விரும்பவில்லை, அங்கே இருக்கும் பிள்ளைகளும் விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள்தான். சொந்தக் கண்மாயில் மண்வெட்டி போட மனு போட வேண்டியிருப்பதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

அனுமதிக் கடிதம் நேற்று வந்துவிட்டது.

ஆடி முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கலுங்கடியில் கூடுகிறோம். சித்தி வழி காட்டுவாள். வெட்டிய விறகு கரிமூட்டக்காரர்களுக்கு. ஊரில் இருப்பவர்களும் வெளியூரில் வேலை பார்ப்பவர்களும் வாருங்கள், எந்தத் தெரு என்று பார்க்காமல் வாருங்கள். மண்வெட்டி இருந்தால் எடுத்து வாருங்கள். எங்கள் வீட்டில் நாலு இருக்கிறது.